ஏரி வாரியமும் எங்கள் தண்ணீர்க் குழுவும்

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டம் வாகனம் நிறுத்தும் தளத்தில் நடைபெற்றது. சென்னைப் புறநகரில் உள்ள இக்குடியிருப்பில் 144 வீடுகள். கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் 41 பேர். வரவு செலவு குறித்துக் கேள்விகள் எழுந்தன. மின்தூக்கிப் பராமரிப்பு குறித்துக் குறைகள் கூறப்பட்டன. தெருநாய்கள் குறித்து நாற்பது நிமிடம் விவாதம் நடந்தது. இறுதியாக, 'துணைக் குழுக்களில் பணியாற்ற விருப்பமுள்ளோர் பெயர் தரலாம்' என்று செயலர் அறிவித்ததும் கூட்டம் அமைதியானது. சிலர் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கினர். சிலர் நாற்காலியை மடக்கத் தொடங்கினர்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன் நான். பொதுப் பண்டங்கள், இலவசப் பயணிச் சிக்கல் ஆகிய பாடங்களை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதி விளக்கியிருக்கிறேன். ஆனால், அந்தப் பாடம் எனக்கே முழுமையாகப் புரிந்தது பணி ஓய்வுக்குப் பிறகு எங்கள் குடியிருப்பின் துணைக் குழுக்களில் பணியாற்றிய ஆண்டுகளில்தான். அங்கே கற்றதைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழகத்தின் நகரங்களில் இலட்சக்கணக்கான குடும்பங்கள் இன்று அடுக்ககங்களில் வாழ்கின்றன. வீடு வாங்கும்போது விலை, பரப்பளவு, வங்கிக் கடன், பள்ளிக்கான தொலைவு ஆகியவற்றை ஆராயும் நாம், அந்த வீட்டோடு சேர்த்து ஒரு சிறிய அரசாங்கத்தின் குடிமகனாகவும் ஆகிறோம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. படிக்கட்டு, மின்தூக்கி, மொட்டை மாடி, கீழ்நிலைத் தொட்டி, ஆழ்துளைக் கிணறு, ஜெனரேட்டர், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், பூங்கா, சுற்றுச்சுவர் என அனைத்தும் அனைவருக்கும் பொது. பத்திரத்தில் எழுதப்படும் 'பிரிக்கப்படாத பாகம்' என்னும் சொல்லுக்கு அதுதான் பொருள்.

இந்தப் பொதுச் சொத்தை நிர்வகிக்கவே உரிமையாளர் சங்கம். தமிழ்நாட்டில் இதற்கான சட்டம் 1994-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. அதற்கு மாற்றாக 2022-இல் இயற்றப்பட்ட புதிய அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024-இல் நடைமுறைக்கு வந்தது. இதற்கிடையே, பெரும்பாலான சங்கங்கள் 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்று இயங்கி வந்துள்ளன. மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு வீட்டுமனைச் சட்டம், ஒரு திட்டத்தில் பெரும்பான்மை வீடுகள் முன்பதிவான மூன்று மாதங்களுக்குள் சங்கம் அமைவதற்கு வழிசெய்ய வேண்டும் என்று கட்டுநரைப் பணிக்கிறது. வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறைகளைக் கட்டணமின்றிச் சரிசெய்து தரும் பொறுப்பும் கட்டுநருடையதே. ஆனால், அந்தக் குறைகளைப் பட்டியலிட்டு உரிய காலத்துக்குள் எழுத்து மூலம் கேட்பதற்கு யாரேனும் மெனக்கெட வேண்டுமே!

பணத்தின் அளவையும் பார்ப்போம். எங்கள் வீடுகளின் சராசரிப் பரப்பு 1,100 சதுர அடி. சதுர அடிக்கு மாதம் மூன்றரை ரூபாய் வீதம் பராமரிப்புக் கட்டணம். வீட்டுக்கு 3,850 ரூபாய். 144 வீடுகளுக்கு மாதம் ஐந்தரை இலட்சம். ஆண்டுக்கு ஏறத்தாழ 66 இலட்சம் ரூபாய். இவ்வளவு பணத்தைக் கையாள்பவர்கள் ஊதியம் பெறாத ஏழு நிர்வாகிகள். அவர்களில் ஐவர் காலையில் அலுவலகம் சென்று இரவில் திரும்புபவர்கள்.

அவர்கள் செய்ய வேண்டிய பணிகளோ பல. பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும். தணிக்கை செய்த கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். உறுப்பினர் ஒருவரின் மாதக் கட்டணம் 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 இலட்சத்தைத் தாண்டினால் சரக்கு மற்றும் சேவை வரி கட்ட வேண்டும். திடக்கழிவு மேலாண்மைக்கான 2016-ஆம் ஆண்டு விதிகள், 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வளாகங்கள் குப்பையைத் தரம் பிரிக்க வேண்டும் என்றன. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழகம் முழுவதும் கட்டாயம். மின்தூக்கிக்கு உரிமம் வேண்டும். இவை போக, நான்காம் மாடியில் ஒழுகும் குழாயும், மூன்றாம் மாடியில் அதனால் நனையும் சுவரும், அந்த இரு வீட்டாருக்கும் இடையே மூளும் சண்டையும் தனி.

எழுவரால் இதைச் செய்ய இயலாது. இங்குதான் துணைக் குழுக்கள் வருகின்றன. எங்கள் குடியிருப்பில் ஐந்து குழுக்கள் உள்ளன: தண்ணீர், பராமரிப்பு, கணக்கு, தோட்டமும் துப்புரவும், பாதுகாப்பு. ஒவ்வொன்றிலும் நான்கைந்து பேர். முடிவெடுக்கும் அதிகாரம் நிர்வாகக் குழுவுக்கே. ஆனால், உண்மை நிலையைக் கண்டறிவது, விலைப்புள்ளி பெறுவது, வேலையை மேற்பார்வையிடுவது, பரிந்துரை எழுதுவது ஆகியன துணைக் குழுக்களின் பணி. அமெரிக்காவில் வீட்டு உரிமையாளர் சங்கங்களிலும் இத்தகைய குழுக்கள் உண்டு. வீட்டின் வெளிச்சுவருக்கு என்ன வண்ணம் பூசலாம் என்பதைக்கூட அங்கே ஒரு குழு பார்த்து ஒப்புதல் தரும். நம் ஊரில் குழுக்கள் பெரும்பாலும் வண்ணத்துக்காக அல்ல, தண்ணீருக்காகவே தோன்றுகின்றன.

பெரிய கூட்டம் தானாகச் செயல்படாது, சிறிய குழு செயல்படும் என்பதற்குப் பொருளாதாரத்தில் வலுவான விளக்கம் உண்டு. மன்கர் ஓல்சன் என்ற அமெரிக்க அறிஞர் 1965-இல் வெளியிட்ட 'கூட்டுச் செயல்பாட்டின் தர்க்கம்' என்ற நூல் இதை ஆராய்கிறது. ஒரு நன்மை அனைவருக்கும் பொதுவாகக் கிடைக்கும்போது, அதற்காக உழைக்கும் செலவைத் தவிர்த்து, பலனை மட்டும் பெறவே ஒவ்வொருவரும் விழைவர். கூட்டம் பெரிதாகப் பெரிதாக, ஒருவர் ஒதுங்கிக்கொள்வது கண்ணில் படாது. மாறாக, ஐந்து பேர் கொண்ட குழுவில் ஒருவர் வராவிட்டால் மற்ற நால்வருக்கும் உடனே தெரியும். அவரும் அதை உணர்வார். ஆகவே, 144 குடும்பங்கள் கொண்ட கூட்டத்தை ஐவர் கொண்ட குழுக்களாகப் பிரிப்பது வேலையைப் பங்கிடும் ஏற்பாடு மட்டுமன்று. ஒதுங்கிக்கொள்ளும் இயல்பைக் குறைக்கும் ஏற்பாடுமாகும்.

இதை நான் நேரில் கண்டது 2019 கோடையில். பணி ஓய்வு பெற்று ஓராண்டு ஆகியிருந்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்த ஆண்டு அது. எங்கள் ஆழ்துளைக் கிணறுகள் மூன்றில் இரண்டு வற்றின. லாரித் தண்ணீரின் விலை சில வாரங்களில் இரு மடங்கைத் தாண்டியது. பணம் கொடுத்தாலும் லாரி எப்போது வரும் என்று தெரியாது. வாட்ஸ்அப் குழுவில் ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டும் செய்திகள் நள்ளிரவு வரை ஓடின. அந்த நிலையில்தான் ஐவர் கொண்ட தண்ணீர்க் குழு அமைக்கப்பட்டது. ஓய்வு பெற்றவன், நேரம் உள்ளவன் என்பதற்காக என்னையும் சேர்த்தனர்.

முதலில் ஒரு கணக்குப் போட்டோம். குடியிருப்போர் ஏறத்தாழ 480 பேர். நகர்ப்புறத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசு வகுத்துள்ள அளவு. அதன்படி 64,800 லிட்டர் போதும். ஆனால், நாங்கள் மேல்நிலைத் தொட்டிகளுக்கு ஏற்றியதோ ஏறத்தாழ 90,000 லிட்டர். மீதி 25,000 லிட்டர் எங்கே போகிறது?

எங்கள் குழுவில் இருந்த இல்லத்தரசி ஒருவர் எளிய யோசனை ஒன்றைச் சொன்னார். "ராத்திரி ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில் யாரும் குளிக்கப் போறதில்லை, துவைக்கப் போறதில்லை சார். அந்த நேரத்தில் தொட்டியில் அளவு குறைந்தால் அது ஒழுக்குதானே?" மோட்டாரை நிறுத்திவிட்டு, நான்கு தொகுதிகளின் மொட்டை மாடிகளிலும் குச்சி வைத்து அளந்தோம். ஒரு தொகுதியில் மூன்று மணி நேரத்தில் 1,800 லிட்டர் குறைந்திருந்தது. மணிக்கு 600 லிட்டர். நாளொன்றுக்கு 14,400 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் லாரி ஒன்றுக்கு மேல் நாங்கள் விலை கொடுத்து வாங்கிச் சாக்கடையில் விட்டுக்கொண்டிருந்தோம். பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் கழிவறைத் தொட்டி, பழுதான ஒரு வால்வு, தரைக்கடியில் விரிசல் கண்ட ஒரு குழாய் ஆகியவை காரணங்கள் எனத் தெரிந்தது. மூன்றையும் சரிசெய்ய ஒரு லாரித் தண்ணீரின் விலைகூட ஆகவில்லை.

இது ஏன் அதற்கு முன் கண்டுபிடிக்கப்படவில்லை? சம்பளத்துக்கு வேலை பார்க்கும் மேலாளர் ஒருவர் எங்களுக்கு உண்டு, நேர்மையானவர். ஆனால், இரவு ஒரு மணிக்கு மொட்டை மாடி ஏறுவது அவருடைய வேலை ஒப்பந்தத்தில் இல்லை. எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதும், அந்த வீட்டுக்காரரின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் அக்கம்பக்கத்தாருக்கே தெரியும். ஓரிடத்தில் வாழ்பவர்களிடம் மட்டுமே இருக்கும் இத்தகைய அறிவை எந்தச் சம்பளத்துக்கும் வாங்க முடியாது. தன்னார்வக் குழுக்களின் முதன்மையான வலிமை அவை செலவில்லாமல் உழைப்பதன்று, இந்த அறிவே.

எஞ்சிய விரயத்தைக் குறைப்பது கடினமாக இருந்தது. தண்ணீருக்கான செலவு பராமரிப்புக் கட்டணத்தில் அடங்கியதால், இருவர் வாழும் வீடும், குழாயைத் திறந்துவிட்டுக் காரைக் கழுவும் வீடும் ஒரே தொகையைச் செலுத்தின. சிக்கனமாக இருப்பவருக்கு எந்தப் பலனும் இல்லை. வீட்டுக்கு வீடு மீட்டர் பொருத்துவதே தீர்வு என்று நான் முழங்கினேன். எங்கள் குழுவில் இருந்த பொறியாளர் என்னை அடக்கினார். நம் அடுக்ககங்களில் ஒரு வீட்டுக்குள் ஒரே குழாய் வழியாகத் தண்ணீர் வருவதில்லை. சமையலறைக்கு ஒன்று, ஒவ்வொரு குளியலறைக்கும் ஒன்று என மூன்று, நான்கு வழிகளில் வருகிறது. ஒரு வீட்டுக்கு ஒரு மீட்டர் என்பது பாடநூலில் மட்டுமே சாத்தியம்!

இரண்டு ஆண்டுகள் விவாதித்து, 2021-இல் பொதுக்குழு ஒரு ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டது. ஒவ்வொரு வழியிலும் சிறு மீட்டர். குறிப்பிட்ட அளவு வரை வழக்கமான கட்டணத்திலேயே அடக்கம். அதற்கு மேற்பட்டால் லாரித் தண்ணீரின் விலை. வரம்பை மீறினால் முதல் மாதம் நினைவூட்டல், இரண்டாம் மாதம் கடிதம், மூன்றாம் மாதம்தான் கட்டணம். மாதந்தோறும் அனைத்து வீடுகளின் அளவும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. கட்டணத்தைவிட அந்தப் பலகைக்கே மக்கள் அதிகம் அஞ்சினர் என்று நினைக்கிறேன். ஏற்றும் நீரின் அளவு 70,000 லிட்டருக்கு வந்தது.

எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார் இதைக் கேட்டிருந்தால் வியந்திருக்க மாட்டார். பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவர், ஆண்டு 2009. பொதுவில் உள்ள வளத்தை ஒவ்வொருவரும் தன்னலத்துக்காகச் சுரண்டி அழித்துவிடுவர் என்று காரெட் ஹார்டின் 1968-இல் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. தனியாருக்கு விற்றுவிடு அல்லது அரசே எடுத்துக்கொள் என்பதே அதிலிருந்து பலர் கொண்ட முடிவு. ஆஸ்ட்ரம் மூன்றாவது வழி ஒன்றைச் சுட்டினார். பயன்படுத்துவோரே விதி வகுத்து, தாமே கண்காணித்து, தவறுக்குப் படிப்படியான தண்டனை வைத்து, பூசலை உள்ளூரிலேயே தீர்த்துக்கொண்டு, பொதுவளத்தைத் தலைமுறைகளாகக் காத்துவரும் சமூகங்களை அவர் சான்றுகளுடன் காட்டினார். அவருடைய முனைவர் பட்ட ஆய்வும், 1960-களில், லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் கடல்நீர் உட்புகுந்துகொண்டிருந்த நிலத்தடி நீர்ப்படுகையைப் பற்றியதுதான்.

இவையெல்லாம் மேலைநாட்டுப் பாடங்கள் என்று எண்ண வேண்டியதில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றதும் நமக்குக் குடவோலை நினைவுக்கு வருகிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அக்கல்வெட்டுகளில் என்னை ஈர்ப்பது தேர்தல் முறையைவிட, தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பதே. முப்பது குடும்புகளிலிருந்து தேர்வான முப்பது பேரில் பன்னிருவர் ஆண்டு வாரியம். பன்னிருவர் தோட்ட வாரியம். அறுவர் ஏரி வாரியம். பொன்னின் தரம் பார்க்கத் தனி வாரியம் வேறு. பதவிக் காலம் 360 நாள். மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வர இயலாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் வர இயலாது. ஏரியைப் பார்க்கத் தனிக் குழு, தோட்டத்தைப் பார்க்கத் தனிக் குழு என்பது நமக்குப் புதிதன்று. 'வாரியம்' என்ற சொல் இன்றும் மின்வாரியத்திலும் வீட்டுவசதி வாரியத்திலும் வாழ்கிறது. அந்தச் சொல்லோடு வந்த கணக்குக் காட்டும் கடமைதான் பல இடங்களில் மங்கிவிட்டது.

அதே வேளையில், அந்த அமைப்பைப் பொற்காலமாகக் கருதவும் நான் தயாரில்லை. சொந்த மனையில் வீடும், வரி கட்டும் நிலமும், வேதக் கல்வியும் உடைய ஆண்களுக்கு மட்டுமே அந்தக் குடத்தில் ஓலை இருந்தது. ஏரியில் இறங்கித் தூர் வாரியவர்களுக்கு ஏரி வாரியத்தில் இடமில்லை. இந்தக் குறை நம் காலத்துச் சங்கங்களிலும் வேறு உருவில் தொடர்கிறது என்பதை ஒரு கசப்பான நிகழ்வு எனக்கு உணர்த்தியது.

2022-இல் நான் பராமரிப்புக் குழுவின் ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் சேகரிப்புத் தொட்டியில் அடைப்பு. வழக்கப்படி மூன்று விலைப்புள்ளிகள் பெற்று, குறைந்த தொகை கேட்டவருக்கு வேலையைத் தரலாம் என்று நான் கையெழுத்திட்டேன். செலவைக் குறைத்ததற்காக அன்று மாலை எனக்குப் பாராட்டும் கிடைத்தது. வேலையை எப்படிச் செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை இருவர் வந்தனர். கையில் கயிறும் வாளியும். குழந்தையைப் பள்ளி வாகனத்தில் ஏற்றிவிட்டுத் திரும்பிய ஓர் இளம்பெண் அங்கே நின்றார். அவர் தோட்டக் குழுவில் இருப்பவர். பராமரிப்புக்கும் அவருக்கும் தொடர்பில்லை. "அண்ணா, உள்ளே இறங்கப் போறீங்களா?" என்று அவர்களிடம் கேட்டிருக்கிறார். "ஆமாம்மா, கொஞ்ச நேர வேலைதான்" என்று பதில் வந்திருக்கிறது. மூடியின் அருகிலேயே நின்றுகொண்டு என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "சார், நீங்க உடனே கீழே வரணும். இவங்களை இறங்க விடமாட்டேன்."

நான் இறங்கிச் சென்றபோது தொட்டியின் மூடி திறந்திருந்தது. வந்தவர்களில் ஒருவருக்கு என் மாணவர்களின் வயது. இருவருக்கும் அன்றைய கூலியைக் கொடுத்து அனுப்பினோம். மறுநாள் உறிஞ்சு இயந்திரம் பொருத்திய லாரி வந்தது, செலவு மும்மடங்கு. கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அத்தகைய உயிரிழப்புக்கான இழப்பீட்டை 2023-இல் உச்ச நீதிமன்றம் 10 இலட்சத்திலிருந்து 30 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. சட்டமும் இழப்பீடும் ஒருபுறம் இருக்கட்டும். அந்த இளைஞர் உள்ளே இறங்கியிருந்தால், அந்தத் தாளில் இருந்த கையெழுத்து என்னுடையது. 'நான் சம்பளம் வாங்காதவன். நல்லெண்ணத்தில் செய்தேன்' என்ற சொல் அவருடைய குடும்பத்துக்கு எதைத் தந்திருக்கும்?

தன்னார்வப் பணி என்பதாலேயே அது நன்மையாக முடியும் என்று நம்புவது ஆபத்தானது என்பதை அன்று அறிந்தேன். ஊதியமில்லாமல் உழைப்பவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்டால் 'நீங்களே வந்து செய்யுங்கள்' என்பதே பதில். நாளடைவில் இந்தப் பதில் ஒரு கேடயமாக மாறிவிடுகிறது. பல குடியிருப்புகளில் ஒரே நிர்வாகிகள் பத்து ஆண்டுகள் தொடர்வதற்கும், பின்னர் அவர்கள் மீது ஊழல் புகார் எழுவதற்கும், உண்மையிலேயே உழைத்தவர்கள் மனம் கசந்து ஒதுங்குவதற்கும் இதுவே காரணம்.

குழுக்களில் இருப்பவர் யார் என்பதும் முக்கியம். நேரம் இருப்பவர்களே வருவதால், என்னைப் போன்ற ஓய்வு பெற்ற ஆண்களே பெரும்பாலும் நிறைந்திருக்கிறோம். நமக்கு வசதியான விதிகளைப் பொதுநலம் என்று நம்பிவிடுகிறோம். மாலையில் குழந்தைகள் பந்து விளையாடக் கூடாது, வீட்டு வேலைக்கு வருபவர்கள் மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது, மணமாகாத இளைஞர்களுக்கு வாடகைக்கு விடக் கூடாது என்பன போன்ற விதிகள் இப்படித்தான் பிறக்கின்றன. எங்கள் குடியிருப்பிலும் வேலைக்கு வருவோருக்கு மின்தூக்கியைத் தடைசெய்யும் தீர்மானம் ஒருமுறை வந்தது. மூன்று வாக்கு வித்தியாசத்தில்தான் தோற்றது. நான்கு மாடி ஏறி இறங்கும் அந்தப் பெண்களில் ஒருவர்கூட அந்தக் கூட்டத்தில் இல்லை, இருந்திருக்கவும் முடியாது.

வாடகைக்கு இருப்போரின் நிலையும் இதுவே. எங்கள் 144 வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீடுகளில் வாடகைதாரர்கள் வாழ்கின்றனர். பராமரிப்புக் கட்டணத்தைச் செலுத்துபவர்கள் பெரும்பாலும் அவர்களே. பொதுக்குழுவில் அவர்களுக்கு வாக்கு இல்லை. ஆனால், துணைக் குழுவில் சேர்ப்பதற்கு எங்கள் விதிகளில் தடை ஏதும் இல்லை என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே கவனித்தோம். அன்று தொட்டியின் மூடியருகே நின்ற அந்தப் பெண்ணும் வாடகைக்கு இருப்பவர்தான்.

இந்த அனுபவங்களிலிருந்து, மற்றக் குடியிருப்புகளுக்கும் பயன்படக்கூடிய சில நடைமுறைகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, ஒவ்வொரு குழுவுக்கும் அதன் பணியும் செலவு வரம்பும் எழுத்தில் இருக்க வேண்டும். எங்கள் குழுக்கள் மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை தாமே செலவிடலாம். அதற்கு மேல் நிர்வாகக் குழுவின் ஒப்புதல் வேண்டும். சிறு வேலைக்கெல்லாம் அனுமதி கேட்டு அலைய வைத்தால் ஆர்வலர் ஓடிவிடுவார்; வரம்பே இல்லாவிட்டால் ஐயம் வளரும்.

இரண்டாவது, கணக்கு. மாதத்தின் பத்தாம் நாளுக்குள் ஒவ்வொரு செலவும், பற்றுச்சீட்டின் படத்துடன், அனைத்து உறுப்பினர்களின் பார்வைக்கும் வைக்கப்பட வேண்டும். கணக்குக் குழுவில் இருப்பவர் வேறு எந்தக் குழுவிலும் இருக்கக் கூடாது. செலவு செய்பவரும் சரிபார்ப்பவரும் வேறு வேறாக இருப்பது யார் மீதும் உள்ள அவநம்பிக்கையால் அன்று. நேர்மையாளரைப் பழியிலிருந்து காப்பதற்கு அதைவிட நல்ல வழி இல்லை என்பதால்.

மூன்றாவது, பதவிக் காலம். இரண்டு ஆண்டுகள் போதும். ஆனால், குழுவில் இருக்கும் அனைவரும் ஒரே நேரத்தில் விலகினால் அனுபவம் முழுவதும் போய்விடும். ஆண்டுதோறும் பாதிப் பேர் மாறுவது நல்லது. எந்த வால்வு எங்கே இருக்கிறது, எந்த ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பன ஒருவரின் தலைக்குள் இல்லாமல் ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும்.

நான்காவது, தன்னார்வலர் செய்யக் கூடாதவை எவை என்ற பட்டியல். மின்சாரம், மின்தூக்கி, கழிவுநீர், கட்டடத்தின் உறுதி ஆகியவற்றில் தகுதி பெற்ற வல்லுநரின் எழுத்துப்பூர்வமான கருத்து இல்லாமல் முடிவெடுக்கக் கூடாது. இத்தகைய வேலைகளில் விலைப்புள்ளியோடு வேலை முறையையும், பாதுகாப்புக் கருவிகளையும் எழுதித் தரச் சொல்ல வேண்டும். குறைந்த விலை என்பது சில நேரங்களில் இன்னொருவருடைய உயிரில் செய்யப்படும் தள்ளுபடி.

ஐந்தாவது, எதிர்காலத்துக்கான காப்பு நிதி. எங்கள் கட்டடத்துக்கு வெளிப்பூச்சு செய்ய 30 இலட்சம் ரூபாய் ஆனது. சேமிப்பு இல்லாதிருந்தால் ஒவ்வொரு வீடும் ஒரே நேரத்தில் 20,800 ரூபாய் கொடுத்திருக்க வேண்டும். ஆறு ஆண்டுகளுக்குப் பிரித்தால் மாதம் 290 ரூபாய்தான். இன்று கட்டணத்தை உயர்த்தும் நிர்வாகியைத் திட்டுவதும், நாளை மின்தூக்கி நின்றதும் அவரையே திட்டுவதும் எல்லா இடங்களிலும் நடப்பதே. இந்தக் கணக்கைப் பொறுமையாக வீடு வீடாகச் சென்று விளக்குவதும் ஒரு குழுவின் வேலைதான்.

ஆறாவது, நம் வளாகத்தில் உழைப்போரின் குரல். காவலர், துப்புரவாளர், வீட்டு வேலைக்கு வருவோர் ஆகியோரைப் பாதிக்கும் விதி எதையும் அவர்களிடம் கேட்காமல் இயற்றக் கூடாது. காவலருக்கு அமர நாற்காலி, கழிவறை, குடிநீர், உரிய காலத்தில் சம்பளம் ஆகியவை இருக்கின்றனவா என்று பார்ப்பது பாதுகாப்புக் குழுவின் முதல் வேலையாக இருக்க வேண்டும். ஒப்பந்த நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று நாம் கைகழுவிவிட முடியாது.

இவ்வளவும் எதற்கு, அனைத்தையும் ஒரு தனியார் நிர்வாக நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பெரிய வளாகங்களுக்கு அது தேவையாகவும் இருக்கலாம். ஆனால், அந்த நிறுவனம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கும் நால்வர் வேண்டும். கண்காணிப்பை விலைக்கு வாங்கினால், அந்தக் கண்காணிப்பாளரைக் கண்காணிப்பது யார் என்ற கேள்வி மீண்டும் எழும். அந்தச் சங்கிலி எங்கோ ஓரிடத்தில் ஊதியம் பெறாத, ஆனால் அக்கறையுள்ள ஒரு குடியிருப்பாளரிடம்தான் முடிகிறது.

நாட்டின் நிர்வாகம் குறித்து நாள்தோறும் விவாதிக்கும் நாம், நம் மாடிப்படியின் நிர்வாகத்தில் பங்கேற்பதில்லை. ஊராட்சியின் கிராம சபைக்குச் சட்டம் உண்டு. அடுக்ககத்தில் வாழ்வோருக்கு வாகனம் நிறுத்தும் தளத்தில் நடக்கும் இந்தக் கூட்டமே கிராம சபை. பெரும்பான்மையின் விருப்பமும் சிறுபான்மையின் உரிமையும் மோதும்போது என்ன செய்வது, வாக்கு இல்லாதவரின் நலனை யார் பேசுவது, பொதுப் பணத்துக்கு எப்படிக் கணக்குச் சொல்வது ஆகிய கேள்விகளை அங்கே பழகாதவர்கள், அவற்றை நாட்டளவில் மட்டும் சரியாகக் கையாண்டுவிடுவர் என்று எதிர்பார்க்க முடியாது.

கடந்த மாதக் கூட்டத்தில் அந்த அமைதி சிறிது நேரம் நீடித்தது. பிறகு, பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. இன்னும் நான்கு கைகள் தொடர்ந்தன. தோட்டக் குழுவில் இருந்த அந்தப் பெண் இப்போது பராமரிப்புக் குழுவின் ஒருங்கிணைப்பாளர். இரண்டு ஆண்டு விதிப்படி நான் எப்போதோ விலகியிருக்க வேண்டியவன். ஆள் இல்லை என்ற சாக்கில் அதுவரை தொடர்ந்துகொண்டிருந்தேன். வால்வுகளின் வரைபடமும் ஒப்பந்தங்களும் அடங்கிய பதிவேட்டை அவரிடம் ஒப்படைத்தேன். அதன் முதல் பக்கத்தில், விலைப்புள்ளி பெறும்போது கேட்க வேண்டிய கேள்விகளை எழுதி ஒட்டியிருக்கிறேன். முதல் கேள்வி: 'இந்த வேலையை யார், எப்படிச் செய்யப் போகிறார்கள்?'